எதை முக்கினாலும் ஏழு

பிப்ரவரி 3

அக்கா,

இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீ வைத்துவிடுவாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை. கிழித்துப் போடலாம்தான், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

நாம் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. சண்டையை மறுபடி ஆரம்பிக்க எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

பாத்திரம் கழுவும் திரவம் விற்கிற அந்த வேலையை ஆகஸ்டிலேயே விட்டுவிட்டேன். ஒன்பது வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, "கைக்கு மென்மை, கைக்கு மென்மை" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுகிறேன். இப்போது முப்பத்தொன்றாவது வயதில் வணிக நிர்வாகம் படிக்கப் போகிறேன். சிரிக்காதே. படித்து முடித்து நானே ஒரு திரவம் செய்து விற்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதோ அதையே வெளியே எழுதி விற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

விற்கிறதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வழுக்கைத் தலையனிடம் சீப்பு விற்கிற வாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியாதது பாட்டிலுக்குள்ளே இருப்பது. ஒன்பது வருஷம் ஒரு பொருளை விற்றேன், அது என்ன என்று தெரியாமலே விற்றேன். அதனால் வணிகப் படிப்பை எங்கே படிப்பது என்பதை அங்கே அறிவியல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வேன். வேலை பார்த்தவர்களுக்கு இடம் ஒதுக்கி, ஓர் அறிவியல் துறையையும் துணைப் பாடமாகக் கொடுக்கிற பல்கலைக்கழகம் மூன்று இருக்கிறது. அதில் ஒன்று உன்னுடையது.

மூன்று இடத்திலிருந்தும் வழவழ புத்தகம் வந்திருக்கிறது. மூன்றிலும் ஒரே பெண், நெற்றியில் கண்ணாடி, கையில் நீலத் தண்ணீர். எங்கள் கம்பெனி விளம்பரத்தில் நுரையைப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணும் இவளும் அக்கா தங்கையாக இருக்க வேண்டும். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

நீ பதினைந்து வருஷமாக அந்த வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாய். உண்மையில் உங்கள் துறை எப்படி? சிபாரிசு வேண்டாம், யாரிடமும் என் பெயரைச் சொல்லவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

அம்மாவின் கை அப்படியேதான். களிம்பு போட்டால் ஒரு வாரம் ஆறுகிறது, அப்புறம் மறுபடி வெடிக்கிறது. அந்தத் திரவத்தை வீட்டிலிருந்து எப்போதோ எடுத்துப் போட்டுவிட்டேன். பிறகும் ஏன் ஆறவில்லை என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

தங்கை

•

பிப்ரவரி 12

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

எங்கள் துறை இந்த வட்டாரத்திலேயே பழமையானது. நான்கு ஆய்வுக்கூடங்கள் உள்ளன. மாணவர்களின் தேர்ச்சி விகிதம் தொண்ணூற்றெட்டு. வெளி நிறுவனங்கள் தங்கள் பொருள்களைப் பரிசோதிக்க எங்களிடம்தான் வரிசையில் நிற்கின்றன. வணிகம் படிக்க வருகிறவளுக்கு இது தேவைக்கு மேல் என்றே நினைக்கிறேன். நீ அங்கே வந்து மூலக்கூறு கண்டுபிடிக்கப் போவதில்லை.

இது துறையைப் பற்றிய பதில். இனி நான் சொல்ல வேண்டியது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு எங்கள் உணவு விடுதியில், என்னோடு வேலை செய்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மாவின் கையைப் போட்டோ எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "இந்த சோப்பு நல்லதுன்னு கையெழுத்துப் போட்டது நீதானே? கையெழுத்து விக்கிறவ!" என்று கத்தினாய். அன்றிலிருந்து அங்கே நான் சாப்பிடப் போவதில்லை. சாப்பாட்டை ஆய்வுக்கூடத்திலேயே கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுகிறேன்.

அம்மாவின் கையைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். என்னை அப்படித் திட்டிவிட்டுப் போன நீ, அதற்குப் பிறகும் எட்டு மாதம் அதே திரவத்தைத்தானே விற்றாய்?

இருபத்தைந்தாம் தேதி எங்கள் பல்கலைக்கழகத்தில் பார்வையாளர் நாள். யார் வேண்டுமானாலும் வரலாம். உனக்கு என் வார்த்தை போதாது என்பதால் நேரில் பார்த்துக்கொள். அம்மாவைக் கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவச் சொல்.

அக்கா

•

பிப்ரவரி 27

அக்கா,

வந்தேன். நீயும் பார்த்தாய். பார்த்ததும் தொட்டிப் பக்கம் திரும்பி ஒரு குடுவையைக் கழுவ ஆரம்பித்தாய். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது, அக்கா. சுத்தமான குடுவையை இருபது நிமிஷம் கழுவினாய்.

எட்டு மாதம் விற்றது உண்மைதான். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு நான் வரவில்லை. நான் கொண்டுவந்தது ஒரு சின்ன சீசாவில் அந்தத் திரவம். கடையில் வாங்கியது.

உங்கள் மேஜையில் டை கட்டிய விரிவுரையாளர் ஒருவர் பி.எச். மீட்டரை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். மேலே சுவரில் வண்ணப்படம். ஏழு என்றால் நல்ல தண்ணீர் மாதிரி, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் தோலை அரிக்கிற காரம் என்று படிப்படியாகப் போட்டிருந்தது. படம் நன்றாக இருந்தது, எனக்கே புரிந்துவிட்டது. நான் சீசாவை நீட்டினேன்.

"இதுல என்ன வரணும்?" என்று கேட்டார்.

"எனக்கெப்படி சார் தெரியும்? அதைப் பாக்கத்தானே கொண்டுவந்தேன்."

"இல்ல மேடம், கம்பெனி என்ன சொல்லுது?"

"ஏழுக்குப் பக்கம்னு சொல்லுது."

முக்கினார். ஏழு புள்ளி ஒன்று.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆனது தெரியுமா? ஐயோ, அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், அம்மாவின் தோலில்தான் ஏதோ கோளாறு, நான்தான் நாலு பேர் முன்னால் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியே உன் பக்கம் வந்து மன்னிப்புக் கேட்க ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

கையில் நீங்கள் கொடுத்த எலுமிச்சை ஜூஸ் இருந்தது. ஏன் கேட்டேன் என்று இன்னும் தெரியவில்லை, நீ பொய் சொல்லவில்லை என்ற சந்தோஷத்தில் கேட்டிருப்பேன். "சார், இதையும் ஒரு தடவை முக்கிப் பாக்கலாமா?"

"தாராளமா!"

ஏழு புள்ளி ஒன்று.

அவர் தலைக்கு நேர் மேலே, அந்தப் படத்தில், எலுமிச்சைப் பழம் போட்டு இரண்டு என்று எழுதியிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் முட்டிக்கொண்டிருப்பார். பக்கத்து மேஜையிலிருந்து ஒரு டீ எடுத்து வந்து கொடுத்தேன். ஏழு. மூலையில் தரை துடைக்கிற வாளி இருந்தது, அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒரு மூடியில் எடுத்து வந்து கொடுத்தேன். அதையும் முகம் சுளிக்காமல் முக்கினார். ஏழு புள்ளி ஒன்று.

"பாத்தீங்களா மேடம், எல்லாமே நார்மல்!" என்றார். பக்கத்தில் மகளோடு வந்திருந்த ஓர் அம்மா, "இங்க எல்லாமே சுத்தமா இருக்குங்க" என்று என்னிடம் சொன்னாள். மகளை அங்கேதான் சேர்க்கப் போகிறாளாம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஜூஸைச் செடியில் ஊற்றினேன். அந்த மனுஷனுக்குத் தெரியாது, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நீ? நீ கழுவிக்கொண்டே இருந்தாயே, அந்த முதுகுக்கு எல்லாம் தெரியும்.

எத்தனை வருஷமாக?

தங்கை

•

மார்ச் 9

நான்கு வருஷமாக.

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் நான் நல்லவளாக இருந்தேன். படிக்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

அந்த மீட்டரின் கண்ணாடிக் குச்சி நுனி எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்பு கோடை விடுமுறைக்குப் பூட்டிக்கொண்டு போனபோது அதன் மூடியில் திரவம் ஊற்ற மறந்தேன். இரண்டு மாதம் காய்ந்து கிடந்து செத்துப்போனது. செத்த குச்சி எதில் முக்கினாலும் ஏழுதான் காட்டும். பயந்துகொண்டே துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார், சம்பளத்தில் பிடிப்பார் என்று நினைத்தேன்.

அவர், "என்னம்மா காட்டுது?" என்றார்.

"ஏழு சார். எல்லாத்துக்கும் ஏழு."

"ஏழுதானே எல்லாருக்கும் வேணும்?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சோப்புக் கம்பெனி, ஷாம்பு கம்பெனி, தண்ணீர் பாட்டில் கம்பெனி எல்லாம் எங்களைத் தேடி வர ஆரம்பித்தன. மற்ற இடங்களில் தாமதமாகிறது, ஏதேதோ குறை சொல்கிறார்கள், உங்களிடம் மட்டும் ஒழுங்காக வருகிறது என்று பாராட்டுக் கடிதம் வேறு. புது மீட்டர் ஒன்று வாங்கியாகிவிட்டது. தலைவர் அறை அலமாரியில் பிரிக்காத பெட்டியில் இருக்கிறது. ஆய்வுக் குழு வரும்போது பெட்டியோடு காட்டுவோம்.

மாணவர்களும் இப்படித்தான். செய்முறைத் தேர்வில் எந்த அளவு வர வேண்டும் என்று முந்தின வருஷத்துப் பிள்ளைகளிடமே கேட்டுக்கொண்டு வருவார்கள். குழாயைத் திறப்பதற்கு முன்பே விடையை எழுதிவிடுவார்கள். "என்ன வரணும்?" என்பதுதான் எங்கள் துறையின் முதல் பாடம். எங்கள் தேர்ச்சி தொண்ணூற்றெட்டு என்று உனக்குப் பெருமையாக எழுதினேன் அல்லவா? மீதி இரண்டு பேர் உண்மையிலேயே செய்து பார்த்தவர்களாக இருக்கும்.

இனி உன் திரவம். மூன்று வருஷத்துக்கு முன்பு என் மேஜைக்கு வந்தது. முக்கினேன். ஏழு புள்ளி ஒன்று. அது பொய் என்று எனக்குத் தெரியும். விரலில் தொட்டாலே வழவழவென்று இருந்தது, அப்படி வழுக்கினால் காரம் அதிகம் என்று முதல் வருஷப் பிள்ளைக்கே தெரிய வேண்டும். கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. ஒரு முறையாவது நடுங்கியிருந்தால் இன்று என்னை நானே கொஞ்சம் மதித்திருப்பேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ உள்ளதை உள்ளபடி கேட்டாய். அதனால் மீதியையும் கேட்டுக்கொள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பு உனக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போதுதான் மேற்பார்வையாளர் பதவி கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் மட்டும் மூன்று தடவை "அக்கா, சீக்கிரம், அக்கா, சீக்கிரம்" என்று நச்சரித்தாய். நான் கேட்டேன், "இது ரொம்ப வழுக்குதே, இதுல என்ன வரணும்?" என்று.

நீ சொன்னாய், "ஏழு வரணும்க்கா. ஏழுன்னு போட்டுடு."

நான் போட்டேன். பதினான்கு மாதமாக இதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன், சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று. அதுவும் பொய். சொன்னால் இருவரும் ஒன்று என்று ஆகிவிடும், நீ என்னைத் திட்டுகிற வரைக்கும் நான் கொஞ்சம் உயர்ந்தவளாக இருக்கலாம் என்பதற்காகத்தான் சொல்லவில்லை.

இங்கே சேராதே.

அக்கா

•

மார்ச் 22

அக்கா,

ஞாபகம் இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே ஞாபகம் வந்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். இல்லை. எப்போதுமே ஞாபகம் இருந்தது. உணவு விடுதியில் உன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டோவை வைத்தபோதும் இருந்தது. நீ பதிலுக்கு அதைச் சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். நீ சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, தப்பித்தேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். சீ, என்ன ஜன்மம் நான்.

பத்து நாளாக மற்ற இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் அலைந்தேன். படிக்கிற ஆசையில் இல்லை. அந்த எண் என்ன என்று தெரிந்தாக வேண்டும் என்றுதான் போனேன்.

இரண்டாவது இடம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். நடக்கிற இடமெல்லாம் என் முகமே தெரிந்தது, எனக்கு வேண்டாத ஒரே முகம். சேர்க்கை அலுவலர் குளிர்ச்சியான அறையில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "நீங்க பிசினஸ்தானே மேடம்? உங்களுக்கு எதுக்கு லேப்? சயின்ஸ் பேப்பருக்கு நாங்களே மார்க் போட்டுடுவோம், கவலையே படாதீங்க" என்றார். நான் கவலைப்பட்டதுதான் அவருக்குக் குறையாகத் தெரிந்தது. கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே மேஜைகளின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

மூன்றாவது இடத்தில் காரை பெயர்ந்து கிடக்கிறது. ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வழவழ புத்தகத்தில் நீலத் தண்ணீர் வைத்திருந்தவள் இங்கே ஒரு நாளும் கால் வைத்திருக்க மாட்டாள். பொறுப்பில் இருந்தவள் உன் வயதுக்காரி. வெள்ளைக் கோட்டில் நாலு ஓட்டை, ஏதோ அமிலம் தெறித்தது. மீட்டர் குச்சியை ஒரு சின்ன மூடியில், பல்செட்டை ஊறப்போட்ட மாதிரி ஊறப்போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உன்னை நினைத்து அழுகை வந்தது.

சீசாவைக் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பாள் கேட்பாள் என்று காத்திருந்து, கடைசியில் நானே கேட்டேன். "என்ன வரணும்னு கேக்க மாட்டீங்களா?"

"தெரிஞ்சா எதுக்குங்க பாக்கணும்?" என்றாள்.

முதலில் எண் தெரிந்த இரண்டு திரவத்தில் முக்கி மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் நம்முடையது. ஒரு தடவை, குச்சியைக் கழுவி இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. பதினொன்று புள்ளி நான்கு. பதினொன்று புள்ளி மூன்று. பதினொன்று புள்ளி நான்கு.

"இதை வச்சு என்னத்தைக் கழுவுறீங்க? கக்கூஸா?"

"பாத்திரம்."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "உங்க கை நல்லாத்தானே இருக்கு?"

"நான் கழுவுறதில்லைங்க. எங்கம்மா கழுவுவாங்க" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அம்மா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டியோரத்தில் ஷாம்பு பாட்டில். சமையலறையில் ஷாம்பு எதற்கு என்று இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை பார். கையில் ஊற்றினேன். வழுக்கியது. நான் வீட்டிலிருந்து எடுத்துப் போட்ட பிறகும் அவளே கடையில் வாங்கி, எனக்குத் தெரியாமல் ஷாம்பு பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலாக.

"உனக்கென்னம்மா பைத்தியமா?" என்று கத்தினேன்.

அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "நீ வித்த, அவ கையெழுத்துப் போட்டிருக்கா. என் ரெண்டு பொண்ணும் சேந்து செஞ்ச ஒரே பொருள் இதுதான். நீங்க பேசிக்கிறதில்லன்னா நானும் இதை விட்டுடணுமா?"

பாட்டிலை மூடி அதே இடத்தில் வைத்தேன்.

தங்கை

•

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. உன் கடிதத்தைக் கழிப்பறைக்குள் போய்ப் படித்தேன், மேஜையில் வைத்துப் படிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை தலைவரிடம் போய்ப் புது மீட்டரைக் கேட்டேன். "எதுக்கும்மா? இப்ப இருக்கறது நல்லாத்தானே ஓடுது" என்றார். அவர் மேஜையில் புளிப்புத் தயிர் வைத்த டப்பா இருந்தது. பழைய மீட்டரைக் கொண்டுவந்து அவர் கண் முன்னால் அதில் முக்கினேன். ஏழு புள்ளி ஒன்று. அவர் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, "இனிமே இதை எப்படிச் சாப்பிடறது?" என்றார். அந்த மனுஷனுக்கு வந்த ஒரே அருவருப்பு அதுதான்.

அதனால் நானே ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வருஷமாக நான் கையெழுத்திட்ட எழுபத்தாறு அறிக்கைகளும் செத்த மீட்டரில் எடுத்தவை, ஒன்றும் செல்லாது என்று. குச்சியைக் காயவிட்டது நான் என்பதும் இருக்கிறது. பதிவாளருக்கு ஒன்று, தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒன்று, உன் பழைய கம்பெனிக்கு ஒன்று. வேலை போகும். போகட்டும் என்று வீரமாக எழுத ஆசை, ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

மூன்று பிரதியையும் இதோடு வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. உங்கள் திரவத்தைப் பற்றிய பத்தியைப் படித்துப் பார். "இந்த எண்ணைப் போடச் சொன்னவர்" என்று எழுதி, யார் என்று எழுதாமல் ஒரு கோடு விட்டிருக்கிறேன்.

நீ போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. வேலை பார்த்தவர்களுக்கான இடத்தில் சேர உன் கம்பெனி கொடுக்கிற அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதில் உன் பெயர் இருந்தால் அவர்கள் அதைக் கொடுக்க மாட்டார்கள். அந்த ஓட்டைக் கோட்டுக்காரியிடம் நீ படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெயருக்கு விட்ட இடத்தைக் காலியாகவே அனுப்பினாலும் நான் கேட்க மாட்டேன். எப்படியானாலும் தபாலில் சேர்த்துவிடு.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். ஷாம்பு பாட்டிலில் இருப்பதை நான் வந்து கொட்டிவிடுகிறேன், நீ தொடாதே. அம்மாவிடம் எண்ணைச் சொல்லாதே. நான் சொல்ல வேண்டும்.

அக்கா

•

ஏப்ரல் 5

அக்கா,

மூன்றையும் இன்று காலை தபாலில் சேர்த்தேன். நீ விட்ட கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன். சான்றிதழ் கேட்டுக் கம்பெனிக்கு எழுதியிருந்ததை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். மூன்றாவது இடத்து விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஏன் காலி என்று பின்பக்கம் எழுதினேன். பொறுப்பிலிருப்பவளிடம் நேரில் கொடுத்தேன். படித்தாள். "எடுத்துப்பாங்களான்னு தெரியாதுங்க" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று அவள் ஒத்துக்கொள்வது இரண்டாவது தடவை. அந்த வார்த்தைக்காகவே அங்கே படிக்கலாம். எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி போய் நிற்பேன்.

அம்மாவிடம் எண்ணைச் சொல்ல வேண்டாம் என்றாய். முடியவில்லை. நான் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். என்ன காகிதம் என்றாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். பதினொன்று புள்ளி நான்கையும் படித்தேன், அந்தப் போனையும் சொன்னேன். பாதியில் எனக்கு வாய் குழறியது. அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டாள்.

"இதுலயும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெடித்த கை யாருடையதோ அவளும் போட வேண்டும் என்றாள். பேனாவைக் கொடுத்தேன். விரலை மடக்க முடியவில்லை, மடக்கினால் வெடிப்பு திறந்துகொள்கிறது. நம் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு அழகாக விடுப்புக் கடிதம் எழுதித் தந்தவள், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மைப்பெட்டியைக் கேட்டாள்.

மூன்று பிரதியிலும் நம் பெயருக்குக் கீழே கட்டைவிரலை வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். மை மட்டும் வட்டமாக இருந்தது, அக்கா. ரேகை விழவில்லை. மறுபடி வைக்கச் சொன்னேன், மறுபடியும் அப்படியே. விரலைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒரு கோடுகூட இல்லை. நாம் தேய்த்துவிட்டோம்.

அப்படியே அனுப்பிவிட்டேன். நீ சனிக்கிழமை வா.

வாயாடி